பழைய நாட்டிய நிகழ்ச்சி நிரல்களிலிருந்து நடனக் கல்வியின் வரலாற்றைப் படிப்பது எப்படி? சென்னையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டை இடிக்கக் கொடுத்தபோது பரணிலிருந்து இறங்கிய தகரப் பெட்டி ஒன்று என் கைக்கு வந்தது. மேலாகக் கல்யாணப் பத்திரிகைகள், அடியில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாட்டிய நிகழ்ச்சி நிரல்கள். அவற்றில் ஒன்று நாலாக மடித்த இளஞ்சிவப்புத் தாள், மூலைகளில் மஞ்சள் தடவியது. ஒரு பரதநாட்டியக் கச்சேரியின் உருப்படிகளை அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்று வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். யாரோ ஒரு ரசிகர், கச்சேரியின் நீளமான உருப்படியான வர்ணத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் "50 நிமி." என்று எழுதியிருந்தார். சிறிய காதல் பாட்டான ஜாவளியை அடித்துவிட்டு "நேரமில்லை" என்று குறித்திருந்தார்.

நிரலை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பென்சில்தான். நிரல் நிகழ்ச்சிக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே அச்சகத்துக்குப் போய்விடுகிறது. மேடையில் என்ன நடந்தது என்று அதைக் கேட்டால் பாதிதான் தெரியும். ஆசிரியர் தன் மாணவியை எதற்கெல்லாம் தயார் செய்திருந்தார் என்று கேட்டுப் பாருங்கள், சளைக்காமல் பதில் சொல்லும். மனை என்ற மரக்கட்டையில் தட்டுக்கழியால் தாளம் தட்டி, வாய்ச்சொல்லாகவே சொல்லிக் கொடுக்கப்பட்ட கலை இது. நட்டுவனார்கள் என்ற நாட்டிய ஆசிரியர்களில் பாடத்திட்டம் எழுதி வைத்தவர்கள் குறைவு. வகுப்பறையில் எழுதப்படாத பாடத்திட்டம் அரங்கேற்றத்தன்று அச்சில் ஏறுகிறது. அதனால்தான் இந்தத் தாள்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள் என்று கண்ட இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில், கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"பரதநாட்டியம் எப்படி வளர்ந்தது?" என்று ஆரம்பித்தால் ஆயிரம் நிரல் இருந்தாலும் போதாது. ஒரு ஆசிரியர், அல்லது ஒரு பள்ளி, அல்லது கச்சேரி நடத்தும் ஒரு சபா. கூடவே பத்து முதல் இருபது வருஷக் காலம். இவ்வளவுதான் முதல் முயற்சிக்கு. இந்த மாதிரிக் கேள்விகள் நிரலுக்கு ஒத்துவரும்: குறிப்பிட்ட ஆசிரியரிடம் அரங்கேறியவர்கள் எல்லாரும் ஒரே வர்ணத்தை ஆடினார்களா? நட்டுவாங்கம், அதாவது மேடையில் தாளம் தட்டி ஜதி என்ற தாளச் சொற்களைச் சொல்லி ஆட்டத்தை நடத்துவது, ஆண்கள் கையிலிருந்து பெண்கள் கைக்கு எப்போது வந்தது? பக்கவாத்தியத்தில் கிளாரினெட் எந்த வருஷத்தோடு நின்றுபோனது? மாணவியாக ஆடியவர் எத்தனை வருஷம் கழித்து ஆசிரியையாகப் பெயர் போட்டுக்கொண்டார்?

வகுப்பில் எவ்வளவு கட்டணம் வாங்கினார்கள், அடவு என்ற அடிப்படை அசைவுகளைச் சொல்லிக்கொடுக்க எத்தனை மாதம் ஆனது என்பதற்கெல்லாம் நிரலில் பதில் தேடாதீர்கள்.

எதையெல்லாம் நிரல் என்று சேர்ப்பது

அரங்கேற்ற அழைப்பிதழ், சபா வாசலில் கொடுக்கும் ஒற்றைத் தாள், மார்கழி சீசன் கையேடு, சபாவின் ஆண்டு மலர், நாட்டியப் பள்ளியின் ஆண்டு விழா அழைப்பு, நாட்டிய நாடகத்தின் பாத்திரப் பட்டியல், கோயில் உற்சவ நோட்டீஸ் எல்லாமே கணக்கில் சேரும். ஆனால் ஒவ்வொன்றின் குணமும் வேறு. அரங்கேற்ற அழைப்பிதழை வீட்டார் அச்சிடுகிறார்கள், குடும்பப் பெருமை அதில் கலந்திருக்கும். சபா தாளை அச்சிடுவது சபா. சிக்கனத்துக்காகப் பக்கவாத்தியக்காரர் பெயரையே விட்டுவிடுவதும் உண்டு. யார் காசில் அச்சானது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் குழப்பங்களில் பாதி அதிலேயே தெளிந்துவிடும்.

நாட்டிய நாடகப் பட்டியல்களுக்குத் தனி மரியாதை உண்டு. ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியில் 1944-ல் குற்றாலக் குறவஞ்சி மேடையேறியது. ராமாயண நாட்டிய நாடக வரிசை 1955-ல் சீதா சுயம்வரத்தில் தொடங்கி 1970-ல் மகா பட்டாபிஷேகம் வரை நீண்டது. இப்படிப் பதினைந்து வருஷம் ஒரே நிறுவனத்தில் தொடரும் வரிசைக்குப் பாத்திரப் பட்டியல்கள் கிடைத்தால், கூட்டத்தில் ஒருத்தியாக நின்ற மாணவி எந்த வருஷம் தலைமைப் பாத்திரத்துக்கு வந்தார் என்பதை விரல் வைத்துத் தொடரலாம். மாணவர் வருகைப் பதிவேடு கிடைத்தால்கூட இவ்வளவு சொல்லாது.

எங்கே தேடுவது

பெரிய நூலகங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளமே கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த தொகுப்புதான். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கியெறிந்த தாள்களையும் அவர் சேர்த்தார். எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. மியூசிக் அகாடமி தன் இதழை 1930-லிருந்து வெளியிடுகிறது. அதோடு ஆண்டு மலர்களையும் பார்த்தால் அந்த மேடையில் யார் எப்போது ஆடினார்கள் என்பதற்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும். 1983-ல் தொடங்கிய ஸ்ருதி மாத இதழின் பழைய பிரதிகளையும் விடாதீர்கள்.

ஆனால் உண்மையான புதையல் வீடுகளில்தான். நட்டுவனார் குடும்பங்கள், மிருதங்கக்காரர்கள், மேக்கப்காரர்கள், சபா காரியதரிசிகள். இதில் மிருதங்கக்காரர் வீடு எனக்கு மிகவும் பிடித்தது. ஆசிரியர் தன் மாணவிகளின் அழைப்பிதழை மட்டும்தான் வைத்திருப்பார். மிருதங்கக்காரர் பத்து ஆசிரியர்களுக்கு வாசித்திருப்பார், பத்துப் பேருடைய தாளும் ஒரே ட்ரங்குப் பெட்டியில் இருக்கும். போனவுடன் பெட்டியைத் திறக்கச் சொல்லாதீர்கள். காபி குடித்து, இரண்டு மணி நேரம் பேசி, இரண்டாவது முறை போகும்போது கேளுங்கள். எடுத்துக்கொண்டு போகிறேன் என்று மட்டும் சொல்லவே கூடாது. அங்கேயே உட்கார்ந்து படம் எடுத்துவிட்டு, இருந்த வரிசையிலேயே திருப்பி அடுக்கிவிட வேண்டும்.

கையில் எடுக்கும்போது

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். துருப்பிடித்த ஸ்டேப்ளர் கம்பி தாளைத் தின்னும். ராமபாணப் பூச்சி மடிப்பில் குடியிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்து அலமாரிகளில் இருந்த எத்தனையோ வீட்டுக் காகிதங்கள் கூழாகிவிட்டன. ஆகவே படம் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், செல்போனிலேயே எடுக்கலாம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். முன்பக்கம், உள்பக்கம், பின்பக்கம், வெற்றுப் பக்கம் எல்லாம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தில்தான் யாராவது பால் கணக்கோ, பஸ் நம்பரோ, "அபிநயம் பிரமாதம்" என்றோ எழுதியிருப்பார்கள். கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டக் கூடாது, லாமினேஷன் கூடவே கூடாது. ஆரம்ப காலத்தில் நானே மூன்று தாள்களை லாமினேஷன் செய்து, பென்சில் எழுத்தெல்லாம் பளபளப்பில் மறைந்து, தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

தேதி இல்லாத தாளுக்குத் தேதி கண்டுபிடிப்பது

அழைப்பிதழில் நாள் இருக்கும், கிழமை இருக்கும், ராகு காலம் பார்த்த நேரம்கூட இருக்கும். வருஷம் இருக்காது! அழைப்பவருக்கு அது தெரிந்த விஷயம்தானே. நமக்குத்தான் பாடு. இந்த வேலைக்குச் சில துப்புகள் உண்டு.

காசு: டிக்கெட் விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தையது. 1957 ஏப்ரல் 1 முதல் தசம நாணயம் வந்தது. "ந.பை." என்று புதுப் பைசாவைக் குறித்திருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 1964 ஜூனில் "நயா" போய் வெறும் பைசா ஆயிற்று.

முகவரி: "சென்னை-4", "சென்னை-17" என்ற வட்ட எண்கள் பழையவை. 600 004, 600 017 என்று ஆறு இலக்கம் வந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகுதான், அன்றுதான் பின்கோடு அமலுக்கு வந்தது. தலைகீழாக வாதிடாதீர்கள். இன்றைக்கும் "சென்னை-4" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தொலைபேசி எண் எட்டு இலக்கமாகி முன்னால் 2 ஒட்டிக்கொண்டது 2000-களின் தொடக்கத்தில்.

ஊர்ப்பெயர்: இதில் நான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். 1996-ல் மெட்ராஸ் சென்னை ஆனது என்ற நினைப்பில், "சென்னை" என்று அச்சிட்ட ஒரு தாளை 1990-களின் கட்டில் வைத்துவிட்டேன். தமிழில் எப்போதுமே சென்னைதானே! மாறியது ஆங்கிலப் பெயர். ஆங்கிலத்தில் அச்சிட்ட அழைப்பிதழுக்கு மட்டும்தான் இந்தத் துப்பு உதவும்.

எழுத்து: ணை, லை, ளை, னை, றா போன்றவை பழைய வடிவத்தில் இருந்தால் பழைய தாள் என்று கை பரபரக்கும். எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978 அக்டோபரில் வந்தது. பெரியாரின் குடி அரசு 1935-லேயே புது வடிவத்துக்கு மாறியிருந்தது, ஆனால் சபா அழைப்பிதழ் அச்சிடும் அச்சகங்கள் பெரியார் வழியில் போனவை அல்ல. அரசாணைக்குப் பிறகும் கையால் எழுத்துக் கோத்த சின்ன அச்சகங்கள் இருந்த ஈய எழுத்துகளைத் தேயும்வரை பயன்படுத்தின. ஆகவே புது எழுத்து இருந்தால் 1978-க்குப் பிறகு என்று ஓரளவு துணியலாம். பழைய எழுத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

கிழமை: இதுதான் பூட்டைத் திறக்கும் சாவி. "ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை" என்று மட்டும் இருக்கும் ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து எழுபதுகளின் நடு வரை அந்தத் தேதி ஞாயிறாக வந்தது 1958, 1964, 1969, 1975 ஆகிய நான்கு வருஷங்களில் மட்டும். டிக்கெட் விலை 75 ந.பை. என்றால் பின்னிரண்டும் கழிந்துவிடும். மிச்சம் 1958, 1964. அப்புறம் மேலே பிள்ளையார் சுழிக்குக் கீழே தமிழ் வருஷம் இருக்கிறதா பாருங்கள். ஹேவிளம்பி என்றால் 1958, சோபகிருது என்றால் 1964. முடிந்தது வேலை. அறுபது வருஷச் சுழற்சி என்பதால் தமிழ் வருஷத்தை மட்டும் நம்பினால் தாத்தாவும் பேரனும் குழம்புவார்கள். கிழமையோடும் காசோடும் சேர்த்துப் பார்த்தால் பிசகாது.

வரி வரியாகப் படிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஆடுபவரின் பெயரிலிருந்து தொடங்குவோம். 1931 மார்ச் 15 அன்று மியூசிக் அகாடமியின் ஆதரவில் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் என்ற சகோதரிகள் ஆடினார்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவிகள். வரலாற்றில் அவர்களுக்கு நிலைத்த பெயர் "கல்யாணி மகள்கள்". அம்மா பெயரால் அறியப்பட்ட கலைஞர்கள். இதற்குப் பக்கத்தில் ஐம்பது வருஷம் கழித்து வந்த எந்த அரங்கேற்ற அழைப்பிதழையும் வையுங்கள்: "திரு. இன்னார், திருமதி இன்னார் தம்பதியரின் புதல்வி செல்வி இன்னார்" என்றிருக்கும், அப்பாவின் பட்டமும் உத்தியோகமும் சேர்த்து. கலை எந்தக் குடும்பங்களிலிருந்து எந்தக் குடும்பங்களுக்குப் போனது என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது. நடுவில் 1947-ல், பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதைத் தடுத்த தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குமாரி, செல்வி, ஸ்ரீமதி, திருமதி என்ற முன்னொட்டுகளைத் தனியாகக் குறியுங்கள். குமாரியாக வரிசையாகக் கிடைத்தவர் திடீரென்று காணாமல் போனால், கல்யாணத்துக்குப் பிறகு ஆட்டத்தை விட்டாரா, அல்லது தலைப்பெழுத்து மாறி வேறு பெயரில் தொடர்ந்தாரா என்று தேட வேண்டும். இதே போலத் தலைப்பெழுத்து எல்லாருக்கும் அப்பா பெயரின் எழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். பரம்பரைக் கலைஞரான டி. பாலசரஸ்வதியின் டி தஞ்சாவூரைக் குறிப்பது.

அடுத்து குரு. "குரு", "நட்டுவாங்கம்" இரண்டும் ஒரே ஆளா, வேறு வேறா? பழைய தாள்களில் பெரும்பாலும் ஒரே ஆள். பிறகு பள்ளிகள் பெருகியபோது ஆசிரியரின் மூத்த மாணவி நட்டுவாங்கத்துக்கு உட்காருகிறார். அந்த இடத்தில் ஒரு பெண் பெயர் எப்போது முதலில் வருகிறது என்று பாருங்கள். வழுவூர் ராமையா பிள்ளையின் மாணவி கே.ஜே. சரசா நட்டுவாங்கத்தில் பெயர் எடுத்த முன்னோடிப் பெண்களில் ஒருவர். மூத்த மாணவி நட்டுவாங்கம் செய்த தாள்களை வரிசையாக அடுக்கினால் ஆசிரியர் பயிற்சியின் கதை கிடைக்கும்: முதலில் கூட்டு நடனத்தில் ஒருத்தி, பிறகு தனிக் கச்சேரி, பிறகு தாளம் கையில், கடைசியில் தன் பெயரில் ஒரு பள்ளி.

நிரல் மறைக்கிற ஆசிரியர்களும் உண்டு. அடவும் ஜதியும் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர், முகபாவத்தாலும் கையசைவாலும் பொருள் சொல்லும் அபிநயம் சொல்லிக்கொடுத்தவர் இன்னொருவர் என்பது சாதாரணம். மயிலாப்பூர் கௌரி அம்மாள் பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் கற்பித்தவர். ஆனால் நிரலில் கொட்டை எழுத்து மேடையில் தாளத்தோடு உட்காருகிறவருக்குத்தான். அபிநயம் கற்பித்தவர் பெயர் எங்காவது நன்றி வரியில் ஒளிந்திருந்தால் அதிர்ஷ்டம். அதனால் நன்றி வரிகளையும் ஆசியுரை வரிகளையும் எழுத்து விடாமல் படியுங்கள்.

பக்கவாத்தியம்: ஆட்டக் குழுவைச் சின்ன மேளம் என்று அழைத்த காலத்தில் முகவீணை என்ற சிறிய குழல், சுருதிக்குத் துருத்தி, பிறகு கிளாரினெட். அவை மெல்ல விலகி வயலினும் புல்லாங்குழலும் வருகின்றன. பாடுகிறவர் யார் என்பதும் கல்விதான். பாலசரஸ்வதிக்கு அம்மா ஜெயம்மாள் பாடினார், தம்பி விசுவநாதன் புல்லாங்குழல் வாசித்திருக்கிறார். வீட்டுக்குள் கற்ற வித்தை மேடையிலும் வீட்டாரோடு அமர்ந்தது. இன்றைய அழைப்பிதழில் பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லாம் கச்சேரிக்கு ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். ஒரே ஆசிரியரின் இருபது அரங்கேற்றத்திலும் அதே பாடகர் என்றால் அவர் வகுப்பிலும் பாடியிருக்க வாய்ப்புண்டு, விசாரிக்க வேண்டும்.

அப்புறம் உருப்படிகள். தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு வகுத்த மார்க்கம், அதாவது உருப்படிகளின் வரிசைதான் அடிப்படை என்று எல்லாரும் சொல்கிறோம். நிரல்களை அடுக்கினால் அந்த மார்க்கம் எவ்வளவு வளைந்தது என்று தெரியும். அலாரிப்புக்கு முன்னால் புஷ்பாஞ்சலியும் மல்லாரியும் எப்போது வந்து ஒட்டின? சப்தம் காம்போதி ராகத்தில் மட்டும் இருந்தது, பல ராகங்கள் கோத்த ராகமாலிகையாக எப்போது மாறியது? ஜாவளி எப்போது மெலிந்தது? வர்ணம் தெலுங்கா தமிழா? தமிழ்ப் பாட்டுகளுக்காக 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய பிறகு மொழிக் கணக்கு மாறியதா என்று ஒரு ஆசிரியரை வைத்துப் பார்த்துச் சொன்னால் அதுவே நல்ல கட்டுரை.

வர்ணத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். "வர்ணம், பைரவி" என்று மட்டும் இருந்தால் அது "மோகமான என்மீது" என்று அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். பைரவியில் வேறு வர்ணமும் உண்டு. தாளில் இல்லாததைக் கேள்விக்குறியோடு விட்டுவிடுவதே நேர்மை.

சிறப்பு விருந்தினர் வரியை ஆய்வாளர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் விடமாட்டேன். 1960-ல் மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபாவில் ஜெயலலிதாவின் அரங்கேற்றம் நடந்தபோது குரு கே.ஜே. சரசா, சிறப்பு விருந்தினர் சிவாஜி கணேசன். நாட்டிய வகுப்பும் சினிமா உலகமும் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்கு அந்த ஒரு மேடையே போதும். நீதிபதி, சங்கீத வித்வான், அமைச்சர், அமெரிக்காவிலிருந்து வந்த மாமா என்று இந்த வரி மாறிக்கொண்டே வரும். அழைப்பவர் யாருடைய கைதட்டலை மதித்தார் என்பதை அது காட்டும்.

விளம்பரங்களைக் கடைசியாகப் பாருங்கள், ஆனால் பாருங்கள். ஆண்டு மலரில் டான்ஸ் செட் நகை வாடகைக்குக் கொடுப்பவர், ரெடிமேட் நாட்டிய உடை தைப்பவர், "மாலை வகுப்புகள் நடைபெறும்" என்று அறிவிக்கும் பள்ளிகள் எல்லாம் வரிசை கட்டும். பள்ளி முகவரிகளை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தாலே மயிலாப்பூரிலிருந்து தி.நகர், அடையாறு, அண்ணா நகர் என்று வகுப்புகள் நகர்ந்த பாதை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

அட்டவணை போடுவது

ஒரு நிரலுக்கு ஒரு வரிசை என்று போட்டால் பிற்பாடு வருத்தப்படுவீர்கள். ஒரு உருப்படிக்கு ஒரு வரிசை. ஏழு உருப்படி உள்ள நிரலுக்கு ஏழு வரிசை. ஒவ்வொன்றிலும் நிரல் எண், தேதி, தேதி எப்படிக் கிடைத்தது, இடம், ஆடியவர், குரு, நட்டுவாங்கம், உருப்படி வகை, முதல் அடி, ராகம், தாளம், இயற்றியவர், மொழி, வரிசையில் எத்தனையாவது. எக்செல்லில் போட்டால் போதும், பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.

பெயர்களுக்கு இரண்டு பத்திகள் வையுங்கள். ஒன்றில் தாளில் இருப்பது அப்படியே: கலாக்ஷேத்ரா, கலாக்ஷேத்திரம், கலாட்சேத்ரா, தில்லானா, தில்லான். இன்னொன்றில் நீங்கள் ஒரே மாதிரியாக்கியது. எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டால் போச்சு. பிழையே சில சமயம் எந்த அச்சகம் என்று காட்டிக்கொடுக்கும். ஆட்டத்தை என்ன பெயரில் சொல்கிறார்கள் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். சதிர் என்ற பழைய பெயர், நாட்டியக் கச்சேரி, பரதநாட்டியம் என்ற பெயர்களுக்குள், இந்தக் கலையை எப்படி அழைப்பது என்ற 1930-களின் சண்டை முழுக்க இருக்கிறது.

ஒன்றைப் பலவோடு வைத்துப் பார்ப்பது

ஒற்றை நிரலை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஒரே ஆசிரியரின் பத்துப் பதினைந்து அரங்கேற்றங்கள் சேர்ந்தால்தான் பாடத்திட்டம் தெரியும். பதினைந்திலும் அதே ஜதிஸ்வரம், அதே வர்ணம் என்றால் அவரிடம் கட்டாயப் பாடம் ஒன்று இருந்தது. வர்ணம் மட்டும் மாணவிக்கு மாணவி மாறினால், அவர் ஆளைப் பார்த்துப் பாடம் தேர்ந்தெடுத்தார் என்று ஊகிக்கலாம். பத்தாவது வருஷத்தில் புதிய பதம் ஒன்று நுழைந்தால், அவர் யாரிடமிருந்து அதைக் கற்றார் என்பது அடுத்த கேள்வி.

அரங்கேற்ற நிரலையும் அதே மாணவி இரண்டு வருஷம் கழித்து சபாவில் ஆடிய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது எனக்குப் பிடித்த பயிற்சி. இரண்டும் ஒன்றே என்றால் அரங்கேற்றத்தோடு கற்றல் நின்றிருக்கலாம், அல்லது சபா கொடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பழகியதையே ஆடியிருக்கலாம். இதில் எது என்று தாள் சொல்லாது.

கிடைத்த தாள்கள் எல்லாத் தாள்களும் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. பாதுகாத்து வைத்தது பரண் உள்ள வீடு. பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் 1925-ல் காஞ்சிபுரத்தில் ஒரு கோயிலில், ஏழு வயதில் நடந்தது. அந்த உலகத்தில் அழைப்பிதழ் அச்சிடும் தேவையே இல்லை. சபா வந்த பிறகுதான் நிரல் வந்தது. நிரல் இல்லாத காலத்தில் கல்வியே இல்லை என்பது போல எழுதிவிட்டால் பரம்பரைக் கலைஞர்களை இன்னொரு முறை மேடையிலிருந்து இறக்கியதாகிவிடும்.

சரிபார்ப்பது

ஜாவளி ஆடப்பட்டதா இல்லையா என்று உறுதிசெய்ய நாளிதழைப் பாருங்கள். ஹிந்து நாளிதழிலும், 1985 வரை வந்த சுதேசமித்திரனிலும் அன்றாட நிகழ்ச்சி அறிவிப்பு, விமர்சனம் இரண்டும் கிடைக்கும். 1930-களில் ஆனந்த விகடனில் கல்கி "கர்நாடகம்" என்ற பெயரில் எழுதிய ஆடல் பாடல் பகுதி, மேடையில் நடந்ததைக் கண்ணால் பார்த்த மாதிரிச் சொல்லும். விமர்சகருக்கும் சொந்த விருப்பு வெறுப்பு உண்டு, அதையும் கழித்துத்தான் படிக்க வேண்டும். நிகழ்ச்சி மழையால் ரத்தானது, இடம் மாறியது போன்றவற்றுக்கு அறிவிப்புப் பத்தியே போதும்.

வெளியிடும் முன்

அரங்கேற்ற அழைப்பிதழில் இருப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து வயதுக் குழந்தையின் பெயர், புகைப்படம், வீட்டு முகவரி. ஆய்வுக்கு அது தேவை, இணையத்தில் போடும்போது தேவையில்லை. முகவரியையும் தொலைபேசியையும் மறைத்துவிடுங்கள். பரம்பரைக் கலைஞர் குடும்பத்து வாரிசுகள் சிலர் அந்த அடையாளத்தை வெளியே சொல்ல விரும்புவதில்லை, வேறு சிலர் பெருமையோடு சொல்கிறார்கள். நேரில் கேட்காமல் யாருடைய பாட்டி யார் என்று எழுத வேண்டாம்.

தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் போவது

இதைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அட்டவணை முடிந்து, ஓட்டைகள் எங்கே என்று தெரிந்த பிறகு போனால்தான் கேள்வி கூர்மையாக இருக்கும். "உங்கள் குருவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் நூறு முறை சொன்னதையே சொல்வார்கள். அச்சிட்ட தாளின் நகலைப் பெரிய எழுத்தில் எடுத்துக்கொண்டு போய், கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

அந்த இளஞ்சிவப்புத் தாளை ஒரு வயதான டீச்சரிடம் அப்படித்தான் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனார். ஜாவளியில் விரல் நின்றது. "நேரமில்லைன்னு யார் எழுதினா? நேரம் நிறைய இருந்தது. அந்தப் பொண்ணுக்கு ஜாவளி நான் சொல்லியே குடுக்கலை. அவங்க அப்பா, நிரலில் இருக்கட்டும் டீச்சர், பார்க்க நல்லா இருக்கும்னார்."

பென்சில் குறிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி திறந்து, தேதி போட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்.